நாற்பத்தோரு பறவைகள்

எங்கள் டவரில் பறவை என்று எழுதினால் அது பறவை இல்லை. ஆறு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம் இது. அந்த ஆறு பேரில் நானும் ஒருவன்.

சின்ன விமான நிலையம். ஒரே ஓடுபாதை. ரேடார் கிடையாது. கண்ணாடி அறைக்குள் நின்று, பைனாகுலரில் பார்த்து, ரேடியோவில் பேசி விமானங்களை இறக்குவதும் ஏற்றுவதும்தான் வேலை. மேசையின் இடது மூலையில் தடிமனான ஒரு பதிவேடு, நூலில் கட்டிய பேனாவோடு. வானத்தில் எது தென்பட்டாலும் அதில் ஏற்ற வேண்டும். நேரம், திசை, உயரம், என்ன பொருள்.

பறவை என்று எழுதினால் ஒன்றும் ஆகாது. விமானிக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நம் பாட்டைப் பார்க்கலாம். 'அடையாளம் தெரியாத பொருள்' என்று எழுதினால் இரண்டு காரியம் நடக்கும். ஓடுபாதையை உடனே மூட வேண்டும். எழுதியவர் அடுத்த ஷிப்டுக்கு முன்னால் கண்ணையும் மனதையும் மருத்துவர்களிடம் காட்டித் தேறி வர வேண்டும்.

விதியைப் போட்டவர்கள் நல்ல எண்ணத்தில்தான் போட்டிருப்பார்கள். ஆனால் நெட்டைக்கு நடந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். நெட்டை நல்ல விமானி. நான்கு வருடம் முன்பு ஒரு நாள், கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி ஒன்று எதிரே அசையாமல் நிற்கிறது என்று ரேடியோவில் சொன்னார். எட்டு மாதம் அவரைச் சோதித்தார்கள். கடைசியில் ஒரு வியாதியும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்குள் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. இப்போது விமானங்களுக்கு எரிபொருள் ஊற்றும் லாரியை ஓட்டுகிறார். லாரியின் தூசியில் யாராவது விரலால் ஒரு பறக்கும் தட்டு வரைந்து வைப்பார்கள். அவர் துடைப்பார். மறுநாள் மறுபடி வரைவார்கள்.

அதற்குப் பிறகு எங்களில் யார் எதைப் பார்த்தாலும் பறவைதான்.

நான் முதலில் பார்த்தது போன வருடம், பிற்பகல் மூன்றே முக்கால். சாம்பல் நிறம். பளபளப்பு இல்லை, இறக்கை இல்லை. வெளியே காற்றின் திசை காட்டும் துணிப்பை விறைத்து நிற்கும் அளவுக்கு அடித்த காற்றில் அது மட்டும் ஆணி அடித்த மாதிரி நின்றது. ஒரு மேகம் அதன் மேல் வந்து மோதி, இரண்டாகப் பிளந்து, அந்தப் பக்கம் பிளந்தபடியே போனது. பைனாகுலரை இறக்கிக் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் காணோம். பேனாவை எடுத்தேன். பறவை, பெரியது, ஒன்று.

உள்ளதை எழுதாததற்கு எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. என் இடது கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. வலது கண்ணை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியும். சோதனைக்குப் போனால் டவரை விட்டு அன்றே இறங்க வேண்டியதுதான். இருபத்திரண்டு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன். வேறு எதுவும் தெரியாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பறவை ஆராய்ச்சி செய்யும் ஒரு அம்மா வந்து சேர்ந்தார். விமானங்களில் பறவைகள் மோதுவதைப் பற்றிப் படிப்பவர். எல்லா நிலையங்களின் பதிவேட்டு நகல்களும் அவருக்குப் போகுமாம். அது எங்களுக்குத் தெரியாது. மூச்சு வாங்கப் படி ஏறி வந்து, பையைக் கீழே வைத்து, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு முதலில் கேட்டதே இதுதான்:

"இங்க எந்தப் பறவைங்க ஒம்பதாயிரம் அடியில அசையாம நிக்குது?"

என்னோடு ஷிப்டில் இருந்தவனுக்கு நாங்கள் வைத்த பெயர் சிரிப்பு. சாவு வீட்டில்கூட அவன் முகம் சிரித்த மாதிரிதான் இருக்கும். "ரொம்பச் சோம்பேறிப் பறவைம்மா," என்றான்.

"ரெண்டு வருஷத்துல நாப்பத்தோரு தடவை எழுதியிருக்கீங்க. ஒரு தடவைகூடக் கூட்டமா வரல. ஒரு தடவைகூட எறக்கை அடிச்சதா எழுதல. நான் புதுசா ஒரு பறவை கெடைச்சிருச்சுன்னு ஆசையா வந்தேன். ரயில்ல வரும்போது இன்னொரு தடவை படிச்சேன். அப்பதான் இது பறவையே இல்லன்னு பட்டுச்சு."

சிரிப்புதான் சொன்னான். "அம்மா, இதையெல்லாம் நீங்க நோண்டினா உங்க ஆபீஸ்லயும் சிரிப்பாங்க. எங்ககிட்ட ஒருத்தர் லாரி ஓட்டிட்டு இருக்காரு, கீழ பார்த்திருப்பீங்க. உங்களையும் ஓட்ட வச்சிருவாங்க."

"எனக்கு லைசென்ஸ் இருக்கு," என்றார் அந்த அம்மா. பிறகு சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பாருங்க தம்பி, பறக்கும் தட்டுன்னு எவனாவது சொன்னா நானும் சிரிக்கிற ஆளுதான். எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. ஆனா நம்பிக்கை எதுக்கு? ஆறு பேரு எதையோ பார்த்திருக்கீங்க. பலூனா, வெளிச்சமா, கண்ணுக் கோளாறான்னு பார்த்துச் சொல்றது எங்க வேலை. நீங்க பறவைன்னு எழுதி மூடி வச்சுட்டா, அங்க ஒண்ணுமே இல்லன்னு சொல்றதுக்குக்கூட என் கையில எதுவும் இல்ல."

பையிலிருந்து ஒரு பெரிய தாளை எடுத்து மேசையில் விரித்தார். நாற்பத்தோரு புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் தேதி. நாங்கள் ஆறு பேரும் தனித்தனியாக, பார்த்த இடத்தை ஒருவருக்கொருவர் சொல்லாமல் எழுதியவை. எல்லாப் புள்ளிகளும் ஒரே கோட்டில் கிடந்தன. மேற்கிலிருந்து வரும் விமானம் எங்கள் ஓடுபாதைக்கு இறங்குகிற அதே கோடு. முதல் புள்ளி ஒன்பதாயிரம் அடி. பிறகு ஏழாயிரம். நாலாயிரம். கடைசிப் புள்ளி பதினொரு நாள் முன்பு. ஆயிரத்து இருநூறு அடி.

சிரிப்பின் முகத்தில் சிரிப்பு இல்லாமல் அன்றுதான் முதலில் பார்த்தேன். "இது எறங்குதும்மா," என்றான். பிறகு, "எறங்கிப் பழகுது," என்றான்.

"அப்படியெல்லாம் நான் சொல்ல மாட்டேன். கோடு கீழ வருதுன்னு மட்டும் சொல்வேன்."

"அடுத்தது?" என்றேன்.

"நீங்க எழுதின உயரமெல்லாம் சரின்னா எழுநூறு, எண்ணூறு அடி. என்னைக்குன்னு தெரியாது." தாளை மடித்தார். "நாப்பத்தொண்ணையும் உள்ளபடி திருத்தி எழுதுங்க. ஆறு பேரும் கையெழுத்துப் போடுங்க. மேற்குப் பக்கத்தை மூடச் சொல்லி நான் மேல எழுதறேன். வெறும் பறவைய வச்சு என்னால யார்கிட்டயும் பேச முடியாது."

"யோசிச்சுச் சொல்றேம்மா," என்றேன். அவர் போன் நம்பரை எழுதி வைத்துவிட்டுப் போனார்.

யோசிக்க என்ன இருந்தது? எழுநூறு அடியில் மேற்கிலிருந்து வாரம் மூன்று தடவை வருகிற விமானம் ஒன்றுதான். தூரத்து ஊர்களிலிருந்து நோயாளிகளை ஏற்றி வரும் சின்ன விமானம். அதன் எண் எழுபத்திநாலு. அதை ஓட்டுவது என் தங்கச்சி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு வந்தாள். முப்பத்தெட்டு வயது. எனக்கு இன்னும் பாப்பாதான். சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று பின்னாலேயே போய் நின்றேன்.

"என்னண்ணா, பூனை மாதிரி நிக்கிற?"

"மேற்கால வர்றப்ப கொஞ்சம் பார்த்து வா பாப்பா."

"ஏன், என்ன?"

வாய் வரைக்கும் வந்தது. "பறவை," என்றேன்.

"ப்பூ, அவ்வளவுதானா. நாங்க படிச்சதெல்லாம் வீணா? பறவை பயந்தா கீழதான் பாயும். விமானத்தை மேல தூக்கிட்டா வேலை முடிஞ்சுது." ஈரக் கையை என் சட்டையில் துடைத்தாள். "அண்ணி, உங்க வீட்டுக்காரருக்கு வயசாயிடுச்சு. பறவைக்கெல்லாம் பயப்படறாரு."

என் மனைவி சிரிக்கவில்லை. என் இடது கண்ணைத்தான் பார்த்தாள்.

வியாழக்கிழமை மாலை நாலு இருபது. வெயில் நன்றாக இருந்தது. காற்றும் பலமாக இருந்தது. டவரில் நானும் சிரிப்பும். ரேடியோவில் உறவு கிடையாது. அவள் எழுபத்திநாலு, நான் டவர்.

"டவர், எழுபத்திநாலு. மேற்கே மூன்று மைல். ஒரு நோயாளி, ஒரு நர்ஸ்."

"எழுபத்திநாலு, தொடரலாம்."

பைனாகுலரை எடுத்து மேற்கே திருப்பினேன். அது வந்ததை நான் பார்க்கவில்லை. அங்கே இருந்தது. அவ்வளவுதான். ஓடுபாதைக்கு இரண்டு மைல் தள்ளி ஒரு தொழிற்சாலைப் புகைபோக்கி உண்டு. அதன் புகை காற்றில் சாய்ந்து மேலே ஏறிப் போய், ஓரிடத்தில் இரண்டாகப் பிளந்தது. பிளந்த இடத்தில் அது. இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. கீழ்ப்பக்கம் தட்டையாக இருந்தது. ஜன்னலோ விளக்கோ எதுவும் இல்லை. எண்ணூறு அடி இருக்கும். தங்கச்சி இறங்கி வரும் கோட்டுக்குச் சற்று மேலே.

"அண்ணே," என்றான் சிரிப்பு.

ரேடியோப் பொத்தானை அழுத்தினேன். பேசுவதெல்லாம் டேப்பில் ஏறும். டவரின் நான்கு வருடப் பழக்கத்தில் என் வாய் தானாகப் பேசியது.

"எழுபத்திநாலு, எதிரே பறவை. பெரியது. ஒன்று. எண்ணூறு அடி."

"பறவை, சரி. மேலே தூக்கறேன்."

சொன்னபடியே அவள் விமானத்தின் மூக்கு மேலே எழுந்தது. நேராக அதைப் பார்த்து.

அந்த நொடியில்தான் நான் என்ன செய்துவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது. பறவை என்றால் அவள் மேலேதான் போவாள். இருக்கிறபடி விட்டிருந்தால்கூட அதன் அடியில் நுழைந்து வந்திருப்பாள். மேலே போக வைத்தது நான். கை பொத்தானிலேயே இருந்தது. சிரிப்பு என் தோளைப் பிடித்து உலுக்கினான். "சொல்லுங்கண்ணே! சொல்லுங்க!"

"பாப்பா!" என்று கத்தினேன். "மேல போகாத! அது பறவை இல்ல!"

ஒரு மூச்சு விடும் நேரம் ரேடியோ கரகரத்தது. பிறகு அவள் குரல். எழுபத்திநாலின் குரல் இல்லை. வீட்டுக் குரல்.

"பின்ன என்ன?"

"தெரியல. சத்தியமா தெரியல பாப்பா. வலப்பக்கம் திரும்பு. இப்பவே!"

விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வெயிலில் அதன் வயிறு பளிச்சென்று தெரிந்தது. அதைத் தாண்டிப் போய்விட்டாள். சிரிப்பு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். நான் மூச்சை விட்டேன். அப்போது ரேடியோ மறுபடி பேசியது.

"அண்ணா."

"சொல்லும்மா."

"அது என்கூடத் திரும்புது."

பைனாகுலரில் பார்த்தேன். புகை ஒன்றாகச் சேர்ந்திருந்தது. அதன் இடம் காலியாக இருந்தது.

"இடப்பக்கம் திரும்பினேன். அதுவும் திரும்பிச்சு. நான் எப்படிச் சாயறேனோ அப்படியே சாயுது. எறக்கைக்குப் பக்கத்துல இருக்கு அண்ணா. சத்தமே இல்ல. நர்ஸ் அழறாங்க."

"எதுவும் பண்ணாத. நேரா பக்கத்து ஏர்போர்ட்டுக்குப் போ. பேசிக்கிட்டே போ பாப்பா, எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கணும்."

நாற்பது நிமிடம் பேசிக்கொண்டே போனாள். உயரம், வேகம், திசை, நர்ஸ் என்ன சொன்னாள், நோயாளி எப்படி மூச்சு விடுகிறார். பன்னிரண்டாவது நிமிடத்தில், "இப்ப இல்ல," என்றாள். போனதையும் யாரும் பார்க்கவில்லை. பக்கத்து விமான நிலையத்தில் பத்திரமாக இறங்கினாள். நோயாளியும் பிழைத்துக்கொண்டார்.

அவள் சக்கரம் தரையைத் தொட்டது என்று தகவல் வந்த பிறகு பதிவேட்டை இழுத்தேன். அடையாளம் தெரியாத பொருள் என்று முழுசாக எழுதினேன். ஓடுபாதை மூடப்பட்டது என்று அதற்கடியில் எழுதினேன். சிரிப்பு பேனாவைப் பிடுங்கி, நானும் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். பிறகு பழைய பக்கங்களைப் புரட்டி, தான் எழுதிய பறவைகளை ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தான். மேலாளர் படியேறி வந்து இதைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கெல்லாம் என்ன ஆச்சு?" என்றார். அவருக்கு டேப்பைப் போட்டுக் காட்டினோம். கேட்டு முடித்தவர் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

விதி விதிதான். மறுநாள் சோதனைக்குப் போனேன். டேப்பைக் கேட்டிருந்ததால், நெட்டையைப் போல இழுத்தடிக்காமல், மனதில் கோளாறு இல்லை என்றார்கள். இடது கண் எழுத்துப் பலகையின் முதல் வரியோடு நின்றுவிட்டது. அன்று மாலை டவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் படி இறங்கினேன். கீழே நெட்டை லாரியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். எதுவும் கேட்காமல் பக்கத்து சீட்டில் இருந்த துணியை எடுத்துவிட்டு, "ஏறுங்க, வீட்ல விடறேன்," என்றார். போகிற வழியில், "எனக்கும் கீழ்ப்பக்கம் தட்டையாத்தான் தெரிஞ்சுது," என்று மட்டும் சொன்னார்.

சிரிப்பின் இரண்டு கண்ணும் நன்றாகவே இருந்தன. மனதும். இரண்டே நாளில் டவருக்குத் திரும்பிவிட்டான். மற்ற நாலு பேரும் தங்கள் பறவைகளைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார்கள். நான் என்னுடையவற்றை வீட்டில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாள்களை வைத்து ஆராய்ச்சி அம்மா பெரிய இடத்தில் பேசி, சோதனை விதியை நிறுத்தி வைக்கச் செய்து, இரண்டு கேமராவோடு திரும்பி வந்து டவரிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரோடு படித்தவர்கள் போன் பண்ணிக் கேலி செய்தார்களாம். "சிரிச்சு முடிச்சுட்டு நீங்களும் வாங்க" என்று வைத்துவிட்டாராம்.

அவர் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். முன்னூறு அடி. நூற்றைம்பது. எல்லாம் பகலில், எல்லாம் மேற்கே. அது தென்பட்டதும் ஓடுபாதையை மூடி, போனதும் திறந்து சமாளித்தார்கள். பாப்பாவும் சோதனையை முடித்துத் திரும்ப ஓட்ட ஆரம்பித்துவிட்டாள். வேண்டாம் என்று நான் கெஞ்சினேன். "நோயாளிங்களை யாரு தூக்கிட்டு வர்றது? நீங்க பொய் சொல்லாம இருந்தா போதும், நான் பார்த்துக்கறேன்," என்றாள். ஒருமையில் பேசுகிறவள். அன்றுதான் என்னை 'நீங்க' என்றாள்.

நேற்று காலை பத்து மணி. பாப்பா எங்கள் வீட்டில் இருந்தாள். பதினொன்றரைக்கு அவள் விமானம் கிளம்ப வேண்டும். பை வாசலில் இருந்தது. நின்றபடியே டீ குடித்துக்கொண்டிருந்தாள். என் போன் அடித்தது, ஸ்பீக்கரில் போட்டேன். சிரிப்பு.

"அண்ணே, எழுதிட்டேன். பறவைன்னு எழுதல. ரன்வேய மூடிட்டேன்."

"நல்லது பண்ணின. உயரம் எவ்வளவு?"

பின்னால் கேமராவின் கிளிக் சத்தம் விடாமல் கேட்டது.

"தம்பி, உயரம்?"

"பூஜ்யம்ணே."

பாப்பா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மேற்கு முனையில நிக்குதுண்ணே. கிளம்பறதுக்கு முன்னாடி பிளேனுங்க வந்து நிக்குமே வெள்ளைக் கோடு, அதுல. ஒரு அடி முன்ன பின்ன இல்ல. நம்ம அனுமதிக்குக் காத்திருக்கிற மாதிரி நிக்குது." அவன் குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, பாப்பா கிளம்பிட்டாங்களா? பிளேன்ல ஏறிட்டாங்களா?"

"இல்லடா. இங்க என் எதிர்லதான் நிக்கறா."

"நெஜமாவாண்ணே?"

"ஏன்டா?"

"ரேடியோல எழுபத்திநாலு கூப்பிடுது," என்றான். "அவங்க குரல்தான். நான் பதில் சொல்லல. ஆராய்ச்சி அம்மா சொல்ல வேணாம்னுட்டாங்க. ஒரே வார்த்தையத் திருப்பித் திருப்பிக் கேக்குது. நீங்களே கேளுங்க."

போனை ரேடியோவுக்குப் பக்கத்தில் கொண்டு போனான். கரகரப்பு. பிறகு என் தங்கச்சியின் வீட்டுக் குரல், அந்த வியாழக்கிழமை என்னைக் கேட்ட அதே இழுப்போடு:

"பின்ன என்ன?"

பாப்பா என்னைப் பார்த்தாள். வாயைக் கையால் பொத்தியிருந்தாள். அவள் உதடு அசையவே இல்லை.

"பின்ன என்ன?"

"அண்ணே, நான் என்ன பண்ணட்டும்?" என்றான் சிரிப்பு.

"எழுது," என்றேன். "கேட்டதை அப்படியே எழுது. நேரத்தையும் போடு."

பேனா தாளில் ஓடும் சத்தம் கேட்டது. பாப்பா வாசலுக்குப் போய்ப் பையை எடுத்து உள்ளே வைத்தாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். பிறகு ஜன்னல்களையும் ஒவ்வொன்றாகச் சாத்த ஆரம்பித்தாள்.